செருப்பைக் கழற்றிவிட்டு வண்டியில் ஏறுகிறவர்

அழகர் செருப்பைக் கழற்றித் தரையில் விட்டபிறகுதான் வண்டிக்குள் ஏறுவார். பின் இருக்கையில் உட்கார்ந்து இரண்டு பாதங்களையும் வண்டியின் தரைத் தகரத்தில் பதியவைப்பார். சாரதி சாவியைத் திருப்புவதற்குள் கட்டளைகள் வந்துவிடும். "சில்லறைய எடுங்க. தண்ணிப் போத்தல் உருளுது, அதையும் எடுங்க. ரேடியோ வேணாம். நீங்களும் பேச வேணாம்."

பேராதனையிலிருந்து கலஹாவுக்குப் போகும் பாதையில், முதல் ஏற்றத்துக்குக் கீழே இருக்கிறது அவருடைய கராஜ். வயது அறுபத்து மூன்று. மடுல்கெல்லப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில், கொழுந்து அரைக்கும் யந்திரங்களைப் பதினொரு வருடம் கவனித்தவர். பலகைத் தளத்தில் வெறுங்காலோடு நின்றே எந்த யந்திரத்தில் பேரிங் தேய்கிறது என்று சொல்லப் பழகினாராம். "காது ஏமாந்துரும். பக்கத்துல ஒரு பஸ் போனா போதும். காலு ஏமாறாது."

வேகம் கூடக்கூட உறுமல் கூடினால் வண்டியை வலப்பக்கம் வளைக்கச் சொல்வார். அப்போது உறுமல் பெருத்தால் இடது சில்லின், அதாவது சக்கரத்தின், பேரிங். பிரேக்கை மெல்லத் தொட்டதும் கீச்சொலி நின்றால், பிரேக் பேட்டில் இருக்கும் சின்னத் தகர நாக்கு சில்லோடு சுழலும் தட்டில் உரசுகிறது, பேட் முடியப்போகிறது. பிரேக்கின் சிவப்பு விளக்கு எரிகிறது என்று வருகிறவர்களிடம் முதலில் ஹேண்ட் பிரேக்கை முழுதாக இறக்கச் சொல்வார். ஆறு பேரில் ஒருவர், விளக்கு அணைவதைப் பார்த்து, அந்த இடத்திலேயே வெட்கத்தோடு திரும்பிப் போவார்.

ஒரு கடைக்காரரின் காரில் விளக்குக்கு மேலேயே முருகன் படம் ஒட்டியிருந்தது. எரிகிற விளக்கு கண்ணில் படக்கூடாது என்று அவர்தான் ஒட்டியவர். அழகர் அதை நகத்தால் கிழியாமல் உரித்தெடுத்து, பக்கத்தில் சாமான் பெட்டியின் மூடியில் ஒட்டினார். "முருகா, நீ இங்கிட்டு இரு. அங்க எனக்கு வேலை இருக்கு."

சென்ற மாசியில் ஒரு சனிக்கிழமை, காலை ஒன்பது நாற்பதுக்குச் சந்திரிகா தன் வேனோடு வந்தாள். கலஹாத் தோட்டத்துப் பிள்ளைகள் பதினொரு பேரைக் கண்டிப் பள்ளிக்கூடங்களுக்கு ஏற்றிப்போகும் வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை முதல் ஓட்டம். பெண் ஓட்டும் வேனில் பிள்ளைகளை அனுப்பப் பெற்றோரில் பாதிப் பேருக்கு மனமில்லை. முதல் நாளே வேன் வராவிட்டால் வேறு வேனை அழைத்துக்கொள்வோம் என்று சொல்லியிருந்தார்கள்.

"புதன்கிழமை லைட்டு எரிஞ்சிச்சு மாமா. பிரேக் ஆயில் ஊத்துனேன், அணைஞ்சிருச்சு. கீச்சு கீச்சுன்னு ஒரு சத்தந்தான்."

"புள்ள அழுதா வாயப் பொத்துவியா?"

"பொத்த மாட்டேன்."

"அப்ப இதுக்கு மட்டும் ஏன் பொத்துன? ஆயில் எங்க போச்சுன்னு கேட்டியா?"

ஒழுகிய அடையாளம் எங்கும் இல்லை. சில்லுகளைக் கழற்றியதும் விடை தெரிந்தது. இடப்பக்கப் பேட் ஒன்றரை மில்லிமீற்றர், வலப்பக்கம் இரண்டு. பேட் தேயத்தேய, அதைத் தள்ளும் பிஸ்டன் வெளியே வரும். அந்த இடத்தை நிரப்ப ஆயில் கீழே இறங்கும். மேலே ஆயில் குப்பியில் குறைந்ததும் விளக்கு எரியும். அவள் ஊற்றியது விளக்கைத்தான் அணைத்தது.

சந்திரிகா எழுந்துவிட்டாள். "அப்ப திங்கக்கெழம?"

அழகர் தட்டின் மேல் கட்டைவிரலை ஒரு சுற்று ஓட்டினார். "கோடு விழல. ரெண்டு நாள் கழிச்சு வந்திருந்தா தட்டும் போயிருக்கும். ஒழுங்கா உக்காரு, தேத்தண்ணி குடி."

புதுப் பேட்டுகளுக்கு இடம்விடப் பிஸ்டன்களை உள்ளே தள்ளவேண்டும். தள்ளுவதற்குமுன் ஒரு ஊசிக்குழலால் குப்பியிலிருந்து ஆயிலை உறிஞ்சினார். "இந்தா, நீ ஊத்துனது. உட்டா பொங்கி வண்டி பெயின்ட் எல்லாம் உரிஞ்சிரும்." சந்திரிகா சிரித்துவிட்டாள். அன்று அவள் சிரித்தது அப்போதுதான்.

புதுப் பேட்டுகளைப் பூட்டி முடித்து, பன்னிரண்டு பத்துக்குச் சோதனை ஓட்டம். என் வண்டியைக் காட்ட வந்து காத்திருந்த நானும் ஏறிக்கொண்டேன். கலஹாப் பாதையில் நான்கு மைல் ஏறித் திரும்பினோம். இறக்கத்தில் அவள் பிரேக்கைத் தொட்டபோதெல்லாம் வேன் சத்தமில்லாமல் தணிந்தது. பின்னால் அழகர் வெறுங்காலைத் தகரத்தில் பதித்திருந்தார். பாதையிலேயே மிகச் செங்குத்தான இடத்தில், மலைநீர் பீலியாக விழும் வளைவில், "நிப்பாட்டு" என்றார்.

நின்றது. அவள் கை ஹேண்ட் பிரேக்குக்குப் போனது.

"அது வேணாம். காலாலயே புடி."

அந்த நேரம் பார்த்து அவளுடைய போன் அடித்தது. ராக்கம்மா, பதினொரு பிள்ளைகளில் இரண்டு பேரின் தாய். குரல் எங்களுக்கும் கேட்டது. "வேனு வருமா, வராதா? இப்பவே சொல்லிரு. மத்த வேன்காரன் வாசல்லயே நிக்கிறான்."

சந்திரிகா பின்னால் திரும்பி அழகரைப் பார்த்தாள். அவர் கதவைத் திறந்து இறங்கினார். வேனின் முன்புறம் நேராக நடந்துபோய், அதன் மூக்குக்கு ஒரு முழம் முன்னால், அவள் கால் மட்டுமே பிடித்துவைத்திருந்த வேனுக்கு முதுகைக் காட்டிக் குந்தினார்.

"வரும்க்கா," என்றாள் சந்திரிகா. "ஆறே காலுக்குப் புள்ளைங்கள ரோட்டுல நிப்பாட்டுங்க."

அழகர் திரும்பிப் பார்க்கவில்லை. பீலித் தண்ணீரில் கையை நீட்டி, விரலிடுக்கில் இருந்த கறுப்பு எண்ணெயை ஒவ்வொரு விரலாக, அவசரமில்லாமல் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்.