அடித்தல் இல்லாத தாள்

அன்னமேரி டீச்சர் எங்கள் பள்ளியில் கணக்கு எடுத்தவர். அவருக்கு ஒரே பிடிவாதம். "தெரிஞ்சதைத்தான் எல்லாரும் அளக்கிறோம் சார். தெரியாததை ஒரு பிள்ளை எப்படிக் கத்துக்குதுன்னு யார் அளக்கிறாங்க?" என்பார். நாங்கள் சிரிப்போம். அதிகம் சிரித்தவன் தமிழ் வாத்தியாரான நான்தான். எனக்குத் தாள் சுத்தமாக இருந்தால் போதும். அடித்தல் திருத்தல் இல்லையென்றால் ஐந்து மதிப்பெண் கூட. ஒரு கோடு அடித்திருந்தாலும் விரல் முட்டியில் ஓர் அடி. அதில் எனக்குப் பெருமை வேறு.

எழுபத்தொன்பதில் முத்தாண்டிக்குப்பத்துக் கொளஞ்சியப்பன் டீச்சரைப் பார்க்க வந்தார். நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் கூலி. மகள் பட்டம்மாள் எட்டாவது படித்தாள், தமிழுக்கு என்னிடம்; வாயே திறக்காத பெண்.

"இவளுக்குப் படிப்பு வருமா வராதாங்க டீச்சர்? வரும்னா எம்மாங் கஷ்டம்னாலும் படிக்க வெக்கிறேன். வராதுன்னா இப்பவே வேலைக்கு இட்டுகினு போயிடறேன். நீங்க சொல்றதுதான்."

"அளந்து பார்த்துச் சொல்றேங்க" என்றார் டீச்சர்.

யாரும் கண்டிராத குறிகளைத் தாமே உண்டாக்கி, அவற்றில் ஒரு வாக்கியம் எழுதி, வகுப்பையே கண்டுபிடிக்கச் சொன்னார். ஒரு நிபந்தனை: தவறிய முயற்சியை அழிக்கக் கூடாது, மேலே கோடு அடித்துவிட்டு அடுத்ததைக் கீழே எழுத வேண்டும். ஒரு தப்பிலிருந்து அடுத்ததற்குப் பிள்ளை எப்படி நகர்கிறது என்பதுதான் அவருடைய அளவுகோல்.

பட்டம்மாளின் தாளில் விடை மட்டும் இருந்தது. சரியான விடை. ஒரு கோடு கிடையாது.

"பக்கத்துல பார்த்து எழுதினியா?" என்று டீச்சர் கேட்டார். அவள் தலை குனிந்து நின்றாள். மௌனம் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளும் கூட்டம்தானே நாங்கள்! கொளஞ்சியப்பனிடம் டீச்சர், "வராதுங்க" என்றார். மறுநாள் அவள் இடம் காலி.

மே மாதம் வார்னிஷ் அடிக்க பெஞ்சுகளை வெளியே போட்டார்கள். பட்டம்மாள் உட்கார்ந்த பெஞ்சில், அவள் பாவாடை மறைத்திருந்த இடத்தில், பென்சிலால் பொடிப்பொடியாக அதே குறிகள். ஒரு முயற்சி, மேலே ஒரு கோடு. அதன் கீழே இன்னொன்று, அதற்கும் கோடு. டீச்சர் விரல் வைத்து எண்ணினார். இருபத்துமூன்று. ஒரு தப்புகூட இரண்டாம் முறை வரவில்லை. என் அடிக்குப் பயந்து தாளை மட்டும் சுத்தமாக வைத்திருக்கிறாள்.

அன்றே இருவரும் சைக்கிளில் முத்தாண்டிக்குப்பம் போனோம். வீடு பூட்டியிருந்தது. குடும்பத்தோடு ரோடு வேலைக்குப் போய்விட்டார்களாம். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை.

அதன் பிறகு மணி அடித்து வகுப்புகள் காலியானதும் டீச்சர் பெஞ்சு பெஞ்சாகக் கையால் தடவிப் பார்ப்பார். வாட்ச்மேன் அவருக்குக் காத்துக்கருப்பு பிடித்துவிட்டது என்றான். நான் அவனை அதட்டினேன். ஆனால் அவன் சொன்னது பொய்யில்லை. ஏழு வருஷம் அந்தப் பெண் அவரை விடவில்லை. என்னையும்தான்.

எண்பத்தாறில் வடலூர் பஸ் நிலையத்தில் பலாச்சுளை விற்றுக்கொண்டிருந்தவள், எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பட்டம்மா, தப்பு என்னுதும்மா. பெஞ்சைப் பார்த்தேன். உனக்குப் படிப்பு நல்லா வரும்."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கோபம் துளியும் இல்லை; இருந்திருந்தால் நாங்கள் பிழைத்திருப்போம்.

"அட போங்க டீச்சர், மனசு கேக்காம சொல்றீங்க. ஒரே தாளுல கண்டுபுடிச்சு சொன்னீங்களே! உண்மையச் சொன்ன டீச்சர்னு எங்கப்பா சாவுற வரைக்கும் சொல்லிகினு இருந்தாரு. எம்பொண்ணுக்கும் நாலு வயசு ஆவுது. ஒருவாட்டி இட்டாறேன், அதுக்கும் வருமான்னு பாத்துச் சொல்லுங்க."