முக்கால் வீசைத் துப்பாக்கி

என் அக்காவுக்கு அறுபது வயது. முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு உட்காருகிற வயது. அந்த வயதில் அவள் அமெரிக்காவிலிருந்து வீடியோவில் கூப்பிட்டு, "தம்பி, ஒரு கைத்துப்பாக்கி வாங்கலாம்னு இருக்கேன். நீ இரும்புல வேலை பாக்குறவன். எது நல்லதுன்னு பாத்துச் சொல்லேன்" என்றாள். குடித்துக்கொண்டிருந்த தேநீர் எனக்குப் புரையேறிவிட்டது.

காலை ஏழு மணி இருக்கும். இங்கே பர்மாவில், தாமுவேயில் எங்கள் தெருவுக்குக் கரண்ட் விட்டிருந்த நேரம். மனைவி ஒரு பக்கம் தண்ணீர் மோட்டாரைப் போட்டு, இன்னொரு பக்கம் கரண்ட் சோற்றுப் பானையைச் சொருகி, இருக்கிற எல்லாவற்றையும் ஓட்டிக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு அது முந்தின நாள் சாயங்காலம்.

"துப்பாக்கியா? யாரச் சுட?" என்றேன்.

"காகிதத்தச் சுட" என்றாள், ஏதோ காய்கறி நறுக்கப்போகிறவளைப்போல.

விஷயம் இதுதான். அத்தான் உயிரோடு இருந்தபோது வாராவாரம் நண்பர்களோடு சுடும் கூடத்துக்குப் போவார். பணம் கட்டி, காதுக்கு மூடி மாட்டிக்கொண்டு, தொங்கவிட்ட காகிதத்தில் ஓட்டை போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து தோசை சாப்பிடுவார். அங்கே அது கேரம் போர்டு மாதிரி ஒரு பொழுதுபோக்கு. அத்தான் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அவருடைய நண்பர்களின் மனைவிமார் அக்காவை அந்தக் கூடத்துக்கு அழைத்துப்போக ஆரம்பித்திருக்கிறார்கள். கள்ளி, என்னிடம் மூச்சு விடவில்லை. பல மாதமாக வாடகைத் துப்பாக்கியில் சுட்டுக்கொண்டிருக்கிறாள். இப்போது சொந்தமாக ஒன்று வேண்டுமாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. போனை வைத்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அத்தான் காரியம் முடிந்த கையோடு அக்கா என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "வருஷம் திரும்பட்டும், நான் அங்கயே வந்துடுறேன்." அதை நம்பித்தான் பட்டறைக்கு மேலே இருக்கும் எங்கள் வீட்டில் ஓர் அறையை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தேன். கூடப் பிறந்தவள் என்று எனக்கு இருப்பது அவள் ஒருத்திதான். வருவாளா மாட்டாளா என்பதுதான் இரண்டு வருடமாக என் மனதில் ஓடிக்கொண்டிருந்த ஒரே கேள்வி.

எங்கள் ஊர்த் தமிழர்களில் வெளிநாடு போனவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கடையில் எந்தச் சாமானை எடுத்தாலும் முதலில் கையில் தூக்கிப் பார்ப்பார்கள். விலையைப் பார்ப்பது அப்புறம்தான். 'பெட்டியில போகுமா?' என்பதுதான் முதல் யோசனை. என்றைக்காவது ஊருக்குத் திரும்பப் போகிறோம் என்ற நினைப்பு. அக்கா இத்தனை காலமும் அப்படித்தான் குடித்தனம் நடத்தினாள். கனமான சட்டி வாங்கமாட்டாள். மரக் கட்டில் வேண்டாம், மடக்குக் கட்டில் போதும் என்பாள். அந்த ஊர்க் கரண்டில் மட்டும் ஓடுகிற மிக்ஸி எதற்கு என்று கையால் அரைத்தவள். அப்படிப்பட்டவள், எந்தப் பெட்டியில் போட்டாலும் இந்த ஊருக்குள் கொண்டுவரவே முடியாத ஒரு சாமானை வாங்கப் போகிறேன் என்கிறாள். அதற்கு என்னிடமே யோசனையும் கேட்கிறாள்!

சாமான் கிடக்கட்டும், அதன் படம்கூட இங்கே வரக்கூடாது. அது அக்காவுக்குப் புரியவில்லை. அன்றைக்குச் சாயங்காலமே வரிசையாகப் படங்களாக அனுப்பிவிட்டாள். கறுப்புத் துப்பாக்கி, வெள்ளித் துப்பாக்கி, மரப் பிடி போட்ட துப்பாக்கி. வழியில் பட்டாளத்தான் நிறுத்திப் போனை வாங்கிப் பார்க்கிற காலம் இது. நான் பஸ்ஸில் இருந்தேன். படம் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டது, புடவைக் கடைக்காரன் விரித்துக் காட்டுவது மாதிரி. அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி, மொஹிங்கா விற்கிற ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் புகுந்து எல்லாவற்றையும் அழித்தேன். வீட்டுக்கு வந்ததும் மனைவி போனைப் பிடுங்கினாள். "அழிச்சா ஆச்சா? குப்பைத் தொட்டின்னு உள்ள ஒண்ணு இருக்கு, அதுலயும் போய் அழிங்க. ஒங்கக்காவுக்குத்தான் வேலை இல்ல, ஒங்களுக்குமா?"

அதன் பிறகு எல்லாம் வாய்ப்பேச்சுத்தான். அக்கா சொல்லச் சொல்ல நான் மனக்கண்ணால் பார்த்துக்கொள்ளவேண்டும். துப்பாக்கியின் உடல் மூன்று விதமாம். பிளாஸ்டிக், அலுமினியம், இரும்பு. பிளாஸ்டிக் வேண்டவே வேண்டாம், பெரிய குண்டு போடுகிறதுதான் வேண்டும் என்றுவிட்டாள்.

"கையில எடுத்தா விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்குடா. நம்மப்பா இன்சீன் ரயில் ஒர்க் ஷாப்புல பிட்டரா இருந்தவரு. நான் பிளாஸ்டிக்க வாங்கினா அவரு ஆவி என்னச் சும்மா விடாது."

"பெரிய குண்டு எதுக்கு? சின்னதா ஒண்ண எடுத்துக்க வேண்டியதுதானே?"

"சின்னது வெடுக்குன்னு அடிக்குது. நாற்பத்தஞ்சு அப்படியில்ல, உள்ளங்கைய வெச்சுத் தள்ளுது. நல்லா ஊன்றி நின்னுக்கிட்டா பயமே இல்ல. எனக்கு அது புடிச்சிருக்கு."

நாற்பத்தைந்து என்பது குண்டின் அளவு, கைத்துப்பாக்கியில் பெரிய சாதி. என் அக்கா, கரப்பான்பூச்சியைக் கண்டால் நாற்காலியில் ஏறுகிறவள், நாற்பத்தைந்து தள்ளுவதைப் பற்றி எனக்குப் பாடம் நடத்துகிறாள். நான் துப்பாக்கியை வாழ்நாளில் கையில் எடுத்தது கிடையாது. நான் கடைவது தண்ணீர் பம்ப்புக்கும் ஜெனரேட்டருக்கும் ஷாஃப்ட். ஆனாலும் இரும்பு பற்றி ஒருத்தி கேட்டுவிட்டால் தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. அது என் குணம். எடை எவ்வளவு என்று கேட்டேன். அவள் பவுண்டில் சொன்னாள், நான் எங்கள் ஊர் வீசையில் கணக்குப் போட்டேன்; ஒரு வீசை ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. அலுமினிய உடல் அரை வீசை. இரும்பு உடல் முக்கால் வீசைக்குக் கொஞ்சம் குறைவு, குண்டு ரொப்பினால் முக்காலுக்கும் மேலே.

"அலுமினியம்தான். யோசிக்கவே வேணாம். ஒன் மணிக்கட்டு இருக்கிற லட்சணத்துக்கு முக்கால் வீசைய எப்படித் தூக்குவே?"

சொல்லிவிட்டேனே தவிர, மனம் ஆறவில்லை. மறுநாள் பட்டறையில் பழைய இரும்புத் துண்டு ஒன்றைத் தராசில் போட்டேன். சரியாக முக்கால் வீசை. ஒரு முனையில் துணியைச் சுற்றி, இரண்டு கையாலும் பிடித்து, கையை நேரே நீட்டி நின்று பார்த்தேன். எவ்வளவு நேரம் ஆடாமல் நிற்கமுடிகிறது? ஒரு கண்ணை மூடிக்கொண்டேன் போலிருக்கிறது. பட்டறையின் ஷட்டர் முழுதாகத் திறந்திருந்தது. எதிர்க் கட்டடத்துப் பர்மாக்கார அம்மா கூடையோடு அப்படியே நின்று, "பா லொட் நே தா லே?" என்றாள். என்ன செய்கிறாய் என்று கேட்டாளே, அந்தக் குரல் நடுங்கியது. நான் பல்லை இளித்து, கை சுளுக்கு, பயிற்சி என்றேன். அவள் வேகமாகப் படியேறிவிட்டாள்.

மனைவி மேலேயிருந்து இறங்கி வந்த வேகம் இருக்கிறதே! "ஒங்களுக்குப் புத்தி பிசகிடுச்சா? கடைசல் பட்டறைய வெச்சுக்கிட்டு, தெருவப் பாத்து இரும்ப நீட்டிக்கிட்டு நிக்கிறீங்களே! நாளைக்குத் துப்பாக்கி செய்றியான்னு எவனாவது வந்து நின்னா, எங்கக்கா அமெரிக்காவுல காகிதம் சுடுறான்னு சொல்லப்போறீங்களா?" அந்தத் துண்டைப் பிடுங்கிக் கழிவு இரும்புக் குவியலில் வீசினாள். ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு, மீதி நாள் முழுக்க இருட்டில் வேலை பார்த்தேன். அவள் சொன்னதில் தப்பே இல்லை. நான்தான் மரமண்டை.

அடுத்த வாரம் அக்கா இரண்டையும் வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள்.

"தம்பி, நீ சொன்ன அலுமினியம் குதிக்குதுடா. லேசா இருக்கிறதால அடி முழுக்க எங் கைக்கே வருது. இரும்பு அப்படியே உக்காந்துக்குது, அதோட கனமே பாதி அடிய வாங்கிக்குது."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. வாதாடினேன். அப்புறம்தான் உறைத்தது: லேசான மேசையில் மோட்டாரைப் பூட்டினால் மேசை ஆடும், கனமான அடித்தளத்தில் பூட்டினால் ஆடாது. இதை வாடிக்கையாளர்களிடம் தினமும் நானே சொல்கிறேன். மனைவி பக்கத்தில் நின்று, "பெரிய இரும்பு நிபுணர்" என்று முணுமுணுத்தது அக்காவுக்கும் கேட்டது. இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள்.

அக்கா நிறையப் பேசினாள். குண்டை உள்ளே ஏற்ற, துப்பாக்கியின் மேல் தகட்டைப் பின்னால் இழுக்க முதலில் அவளால் முடியவில்லையாம். இழுக்காதே, தகட்டை ஒரு கையால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, பிடியை மறு கையால் முன்னால் தள்ளு என்று அங்கே ஒருத்தி சொல்லிக்கொடுத்திருக்கிறாள். தடித்த பிடி அவள் கைக்கு அடங்கவில்லை, விரல் விசைக்கு எட்டவில்லை. அதனால் குண்டு குறைவாகப் பிடித்தாலும் ஒல்லியான பிடிதான். கறுப்பு முலாம் போட்டது வேண்டாம், அவள் கை வியர்க்கும், துரு ஏறும், துருப்பிடிக்காத எஃகு நல்லது. இதெல்லாம் முடிவாகிவிட்டது. ஆனால் இரும்பைத் தூக்கிக் கொஞ்ச நேரம் சுட்டதும் தோள் கடுக்கிறது, அலுமினியம் குதிக்கிறது. அந்த ஒரு இடத்தில் தடுமாறி நின்றாள்.

"நீ சொல்லு, ஒரு மனசா முடிச்சிடுறேன்" என்றாள்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

அடுத்த வாரமும் அதையே சொன்னேன். அதற்கடுத்த வாரம் விபிஎன் வேலை செய்யவில்லை, லைன் சரியில்லை என்று பேச்சை முறித்தேன். வாங்காத வரைக்கும் அவள் அங்கே தங்குவது முடிவாகவில்லை என்று எனக்கு ஒரு கணக்கு. மனைவிக்கா தெரியாது? ஒரு நாள் சோறு போடும்போது சொன்னாள்: "துப்பாக்கியப் பத்தியா யோசிக்கிறீங்க? ஒங்கக்காவக் கேக்கவேண்டியதக் கேட்டுத் தொலைங்களேன்."

சனிக்கிழமை காலை அக்கா கூடத்தின் வரவேற்பறையிலிருந்தே கூப்பிட்டாள். அவளுக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம். நான் காதில் இயர்போனைச் செருகிக்கொண்டேன். அவளுக்குப் பின்னால் கண்ணாடிச் சுவர். அதற்கு அந்தப் பக்கமிருந்து டொம், டொம் என்று வந்துகொண்டிருந்தது. எனக்கு ஒவ்வொன்றுக்கும் தோள் குலுங்கியது. அவள் கண்ணிமைக்கவில்லை.

"இன்னிக்கு ரெண்டும் கடையில இருக்கு. எதுன்னு சொல்லு" என்றாள்.

"அக்கா, நான் ஒண்ணு கேக்குறேன். நீ இங்க வருவியா, மாட்டியா?"

அவள் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தாள்.

"போன தடவ நான் வந்திருந்தப்போ, ஒரு மத்தியானம் சாப்பிட்டுக்கிட்டு இருந்தோம். மார்க்கெட் பக்கம் என்னமோ வெடிச்சுதே, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. பிசைந்த சோற்றோடு கையை நிறுத்தி, இன்னொன்று வருமா என்று எல்லோரும் காதைக் கொடுத்தோம். வரவில்லை. திரும்பிப் பார்த்தால் அக்காவைக் காணவில்லை. சாப்பாட்டு மேசைக்கு அடியில் இருந்தாள். அமெரிக்காக்காரி பயந்துட்டா என்று நான் சிரித்தேன்.

"நீங்க எல்லாரும் ரசம் ஊத்திக்கிட்டீங்க தம்பி. எனக்கு வெடிச்சதுகூடப் பெருசாத் தெரியல. நீங்க ரசம் ஊத்திக்கிட்டதுதான் இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது. நான் அங்க வந்தா கொஞ்ச நாள்ல நானும் ஊத்திக்குவேன்."

நான் இயர்போனை இன்னும் அழுத்திச் செருகிக்கொண்டேன்.

"இங்க திரும்பி வந்தப்புறம் கதவு அடிச்சாக்கூட ஒடம்பு தூக்கிப்போடும். ஒங்கத்தான் இல்லாத வீட்டுல யாருகிட்டச் சொல்றது? இந்தப் பொம்பளைங்கதான் கூட்டிட்டு வந்தாங்க. மொத நாள் நின்னு அழுதேன். ஆனா இங்க ஒரு ஆள் நிக்கிறான்டா. அவன் நிறுத்துன்னு ஒரு சத்தம் போட்டா, அத்தன பேரும் சுடுறத நிறுத்தி, கீழ வெச்சிட்டு, பின்னால வந்துடுறாங்க. ஒருத்தர் மிச்சமில்லாம. அப்படி ஒரு அமைதி. அதுக்குத்தான் வாராவாரம் வர்றேன். அங்க நிறுத்துன்னு யாரு சொல்லுவா? சொன்னா யாரு கேப்பா?"

வா, எல்லாம் சரியாகிவிடும் என்று வாய்வரை வந்தது. அது பொய். கூடப் பிறந்தவளிடம் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ உரக்க எதையோ கத்தினார்கள். சத்தம் எல்லாம் ஒரேயடியாக அடங்கியது. அக்கா என்னைப் பார்த்து, கேட்டாயா என்பதுபோலத் தலையை ஆட்டினாள். அவள் முகம் தெளிவாக இருந்தது. அத்தான் போன பிறகு அப்படி நான் பார்த்ததில்லை.

"இரும்பையே வாங்கு அக்கா" என்றேன். "தோள் கடுக்கும், பழகிடும். நீ இருக்கிற வரைக்கும் அது உழைக்கும்."

"சரிடா" என்றாள். அழுகிறாள் என்று தெரிந்தது. நானும்தான்.

இயர்போனைக் கழற்றியபோது மனைவி எதிரே நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு என் பக்கத்துப் பேச்சு மட்டும்தான் கேட்டிருக்கும்.

"என்ன வாங்குறாங்களாம்?" என்று கேட்டாள்.

"அக்கா வரமாட்டா" என்றேன்.