அப்பா வராத தீபாவளி

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு நிறையப் போகிறது. இந்த நினைவு மலரைப் பெறும் உறவினரும் நண்பர்களும் அவரை நன்கு அறிவீர்கள். நீங்கள் அறியாத ஒன்றைச் சொல்ல நினைக்கிறேன்.

சாத்தூரில் பிறந்து, சென்னையில் வேலை பார்த்து, அத்தையின் முயற்சியால் கிரீன் கார்டு பெற்று கலிஃபோர்னியாவில் உள்ள ஃப்ரீமான்ட் வந்தவர் அப்பா. மளிகைக் கடையில் அரிசி மூட்டை இறக்கி எங்களை வளர்த்தார்.

எனக்கு டெக்சாஸில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. வெளிமாநிலத்தவருக்கான கட்டணம் எங்களுக்கு எட்டாதது. பெற்றோர் பன்னிரண்டு மாதம் அங்கே குடியிருந்தால் உள்ளூர்க் கட்டணம்தான் என்று தெரிந்ததும், "நாம எல்லாருமே அங்க போயிடலாம்" என்றார் அப்பா. தம்பிக்குப் பள்ளியில் கடைசி ஆண்டு. ஆகவே அவர் மட்டும் முன்னதாகப் போய், சுகர் லேண்டில் பெட்ரோல் போடும் ஒரு கேஸ் ஸ்டேஷனில் வேலைக்குச் சேர்ந்தார். நான் அந்த ஆண்டு ஃப்ரீமான்டிலேயே, செலவு குறைந்த கம்யூனிட்டி காலேஜில் படித்தேன்.

தீபாவளிக்கு வரச் சொல்லி அழைத்தோம்.

"ஸ்டேட்ட விட்டு ஒரு நாள் வெளிய வந்தாலும் பன்னெண்டு மாசம் முதல்லேருந்து ஆரம்பிக்கும்டா. அப்பா இப்ப டெக்சாஸ்காரன்."

அம்மா போனை வாங்கினார். "டெக்சாஸ்காரரே, இங்க உங்களுக்கு ஒரு குடும்பம் இருக்கு, ஞாபகம் இருக்கா?"

அப்பா சிரித்தார். அந்த ஆண்டு முழுவதும் வரவேயில்லை. ஆண்டு முடிந்ததும் நாங்களும் சுகர் லேண்டுக்குக் குடிபெயர்ந்தோம்.

உள்ளூர்க் கட்டணத்துக்கான படிவத்தை நிரப்பியவள் நான். ஊருக்குப் போய்வரத் தடையில்லை என்று அதிலேயே இருந்தது. கட்டணத்தைத் தேடிய என் கண்ணில் அந்த வரி அப்போது படவில்லை; பின்னாளில்தான் கவனித்தேன். பட்டம் பெற்ற அன்று அதை அப்பாவிடம் சொல்லி அழுதேன்.

"விடுடா. வந்திருந்தா திரும்பிப் போயிருக்க மாட்டேன்" என்றார்.

திருமணமாகி நான் மீண்டும் கலிஃபோர்னியாவுக்கே, பிளசன்டனுக்கு வந்தேன். அப்பாவின் கடைசித் தீபாவளிக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். மகளுக்குச் சளி. டிக்கெட்டை ரத்து செய்தேன். சாதாரணச் சளிதான், போயிருக்கலாமோ என்று இன்றும் தோன்றுகிறது.

"குழந்தையப் பாத்துக்கோ. அடுத்த தீபாவளிக்கு வா" என்றார். அடுத்த மாதமே மாரடைப்பு.

அப்பாவுக்குத் தங்க அறை கொடுத்த அங்கிளுக்கும், அந்த ஆண்டு முழுதும் அவருக்குச் சாம்பார் கொடுத்தனுப்பிய ஆன்ட்டிக்கும், இறுதிவரை அம்மாவுக்குத் துணை நின்ற அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அப்பா வராததற்கு ஒரு விதி இருப்பதாகவாவது நம்பினார். நான் போகாததற்கு அப்படி எதுவும் இல்லை. இந்தத் தீபாவளிக்கு மகளை அழைத்துக்கொண்டு சுகர் லேண்ட் வருகிறேன், அப்பா.