பல்லி வாங்கிய பெரியம்மா

பல்லி என்று அவளுக்குப் பெயர் வைத்தவர்கள் அவள் வேலை பார்த்த கூடத்துக்காரர்கள். பொய்ப்பல் செய்கிற கூடம் அது. ஆளும் ஒல்லி, தொழிலும் பல், போதாததற்கு நாற்காலியில் உட்காராமல் சுவரை ஒட்டி நின்றே வேலை செய்வாள். முதல் வாரத்திலேயே பெயர் நிலைத்துவிட்டது. அவளும் கோபித்துக்கொள்ளவில்லை. கூப்பிட்டால் உச்சுக்கொட்டிவிட்டுத்தான் திரும்புவாள்.

இருபத்து நான்கு வயதில் அவளுக்கு ஒரு கார் தேவைப்பட்டது. கூடம் ஊருக்கு வெளியே புதுக் கட்டிடத்துக்குப் போய்விட்டது. இரண்டு பஸ் மாற வேண்டும். சில நாள் பல் மருத்துவரிடம் போய், பிளாஸ்டர் அச்சுகளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு போக வேண்டும். ஒரு நாள் நெரிசலில் யாரோ பெருத்த ஆள் சாய்ந்ததில் ஒரு வக்கீலின் மேல்தாடை மூன்றாக உடைந்தது. வக்கீலை மறுபடி வாய் திறக்கச் சொல்லி அளவெடுக்க வேண்டியதாயிற்று. அவர் திறந்த வாயை லேசில் மூடவில்லை.

அன்று சாயங்காலமே பல்லி வீட்டில் அறிவித்தாள். "நான் கார் வாங்கப் போறேன்."

அப்பா பஸ் டிப்போவில் நேரம் குறிக்கிறவர். முப்பத்தொரு வருஷமாக எந்தப் பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று எழுதுவதுதான் வேலை. மகள் பஸ்ஸைக் குறை சொன்னதே அவருக்கு ஏதோ தன் மூக்கைக் குறை சொன்ன மாதிரி இருந்தது. அதைவிடப் பெரிய இடி அடுத்த வாக்கியத்தில் விழுந்தது.

"பழைய கார்ப்பா. முப்பது வருஷத்துக்கு மேல ஆனது."

"ஏன், புதுசெல்லாம் தீர்ந்து போச்சா?"

"கையில இருக்கிறதுக்குப் புதுசுல ரெண்டு கதவும் ஒரு டயரும்தான் வரும். மிச்சத்துக்கு ஏழு வருஷம் தவணை கட்டணும். பழசுன்னா ஸ்பேனர் எடுத்து நானே கழட்டி மாட்டலாம். அப்புறம்..." பல்லி கொஞ்சம் தயங்கி உண்மையைச் சொன்னாள். "எனக்கு அந்த வட்ட லைட்டு பிடிச்சிருக்கு."

அம்மா தையல் மிஷினில் யாருடைய கால்சட்டைக்கோ இடுப்பைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல், "வட்ட லைட்டு நல்லாத்தான் இருக்கும்" என்றாள்.

மூன்று கார்களைப் பார்த்தாள் பல்லி. முதலாவது ஒரு உடற்பயிற்சிக்கூட மாஸ்டருடையது. செக்கச் செவேலென்று இரண்டு கதவுக் கார். பளபளப்பில் முகம் தெரிந்தது. மாஸ்டர் தன் கைத்தசையையும் காரையும் மாறி மாறித் தடவிக்கொண்டே, "பார்த்துப் பார்த்து வளர்த்தது" என்றார். பல்லி பையிலிருந்து பல்லைச் சோதிக்கும் கம்பியை எடுத்துத் திருப்பிப் பிடித்து, சக்கரத்துக்கு மேலே தட்டினாள். முதல் தட்டு டங் என்றது. நாலு விரல் தள்ளித் தட்டினாள். சத்தம் சுரத்தே இல்லாமல் டொக்கென்று விழுந்தது. அப்படியே கதவு முழுக்கத் தட்டிக்கொண்டு போனாள். டொக், டொக், டொக்.

"என்னம்மா பண்றே?"

"சொத்தை பார்க்கிறேன் சார். துருப்பிடிச்ச இடத்துல பூரா பட்டி பூசி அடைச்சு வச்சிருக்கீங்க. அதை எடுத்தா உள்ளே பல்லே இருக்காது போல."

மாஸ்டரின் தசைகள் இறங்கிப்போயின.

இரண்டாவது கார் பெரிய கருப்புக் கார். கல்யாண போட்டோக்காரர் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தது. அதன் பின்சீட்டில் உட்கார்ந்த பல்லிக்கு எழுந்திருக்கவே மனசில்லை. இப்படிப் போய்க் கூடத்து வாசலில் இறங்கினால் எப்படியிருக்கும் என்று கண்ணை மூடிப் பார்த்தாள். போட்டோக்காரர் நல்ல மனிதர், அவளை அதிக நேரம் கனவு காண விடவில்லை. "வைப்பர் ஒண்ணு உடைஞ்சா கப்பல்லதான் வரணும். மூணு மாசம். அதுவரைக்கும் மழை பெய்யக் கூடாது." தினம் ஓட்ட வேண்டிய கார், அழகுக்காக மட்டும் வாங்க முடியாது. பல்லி பெருமூச்சோடு இறங்கினாள். ஆனால் இறங்குவதற்கு முன் பின்சீட்டில் உட்கார்ந்தபடி ஒரு போட்டோ எடுத்துக்கொண்டாள்.

மூன்றாவது கார் கடுகு நிறம். நாலு கதவு, வட்ட லைட்டு, கையால் சுற்றி இறக்குகிற கண்ணாடி. முப்பத்தெட்டு வயது, பல்லியைவிடப் பதினாலு வயது மூத்தது. அதே மாதிரிக் கார்கள் ஊரில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. எந்த உதிரிபாகக் கடையிலும் சாமான் கிடைக்கும். சொந்தக்காரி கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணில் புரை விழ ஆரம்பித்ததால் விற்கிறார். ஏற்கெனவே இரண்டு பேரைத் திருப்பி அனுப்பிவிட்டதாகத் தெருமுனையிலேயே எச்சரித்தார்கள்.

டைப்பிஸ்ட் அம்மா காரைக் காட்டுவதற்கு முன் பல்லியை உட்கார வைத்து விசாரித்தார்.

"எங்கே நிறுத்துவே?"

பல்லிக்குப் பொய் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டாள். "தெருவுலதான். வேற இடமில்லை."

"மழையில எடுப்பியா?"

"வேலைக்குப் போகணுமே."

"தினமுமா ஓட்டுவே?"

"ஞாயித்துக்கிழமை தவிர."

டைப்பிஸ்ட் அம்மாவின் முகம் மலர்ந்தது. "முன்னாடி வந்த ரெண்டு பேரும் போர்வை போர்த்தி ஷெட்ல வச்சுக் காப்பாத்துவேன்னாங்க. போர்த்தி வைக்கிறதுக்கு அது என்ன பொணமா?"

பிறகு ஒரு தாளை நீட்டினார். காரின் குறைகளைத் தன் கையால் டைப் அடித்து நம்பர் போட்டிருந்தார். மொத்தம் பதினேழு. முதல் குறை: ஈரமான காலைகளில் கோபித்துக்கொள்ளும். ஒன்பதாவது: கடிகாரம் வருடத்துக்கு ஒருமுறை தானாக ஓடும், காரணம் தெரியவில்லை. பல்லி தாளைப் படித்துவிட்டு, வாய்க்குள் விட்டுப் பார்க்கிற குட்டிக் கண்ணாடியும் டார்ச்சுமாகக் காருக்கு அடியில் நுழைந்தாள். பத்து நிமிஷம் கழித்துத் தலையில் தூசியோடு வந்தாள்.

"கியர் பெட்டிக்குக் கீழே எண்ணெய் கசியுதும்மா. இது லிஸ்ட்ல இல்லை."

டைப்பிஸ்ட் அம்மா திடுக்கிட்டார். தாளை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். மிஷின் தடதடத்தது. திரும்பி வந்தபோது தாளில் பதினெட்டாவது குறை இருந்தது, விலையும் அதற்குத் தக்கபடி குறைந்திருந்தது.

கார் வீட்டு வாசலுக்கு வந்தது. அப்பா அதை மூன்று முறை சுற்றி வந்தார். உள்ளே தலையை விட்டுப் பார்த்தார். பிறகு டிப்போவில் பேசுகிற குரலில் நிபந்தனை போட்டார்.

"காலையில ஏழு பத்துக்குக் கிளம்பணும். முப்பது நாள் பார்ப்பேன். ஒரு நாள் கிளம்பலைன்னாலும் வித்துடணும்."

"டிப்போவுல லேட்டுக்கு எத்தனை நிமிஷம் விடுவீங்க?"

"அஞ்சு."

"அப்ப எனக்கும் அஞ்சு."

அப்பா ஒரு நோட்டை எடுத்துக் கோடு போட ஆரம்பித்தார்.

மறுநாள் முதல் ஏழு ஐந்துக்கெல்லாம் அவர் நோட்டும் கையுமாக வாசல் கேட்டருகில் நின்றார். பல்லி குளிர்ந்த என்ஜினை எழுப்புகிற சோக் குமிழை இழுப்பாள், சாவியைத் திருப்புவாள், கார் இருமிவிட்டு எழுந்துகொள்ளும். அப்பா எழுதுவார். கூடத்தில் காருக்குப் பெரியம்மா என்று பெயர் வைத்துவிட்டார்கள். "பெரியம்மா வந்தாச்சா, இன்னிக்கு உடம்பு எப்படி?" என்று விசாரிக்காமல் யாரும் வேலையைத் தொடங்குவதில்லை. பதினெட்டு நாள் பெரியம்மா மானத்தைக் காப்பாற்றினாள்.

பத்தொன்பதாம் நாள் காலை விடியும்போதே மழை. தைத்து முடித்த துணி மூட்டையைக் கடைத்தெருவில் கொடுக்க வேண்டும் என்று அம்மாவும் ஏறிக்கொண்டாள். பல்லி சாவியைத் திருப்பினாள். கார் முனகியது. மறுபடி திருப்பினாள். முனகல்கூட இல்லை. கேட்டருகில் குடையின் கீழ் அப்பா பேனாவைத் திறந்துவிட்டார்.

வீடு இருந்த தெரு நல்ல இறக்கம். முனையில் பேக்கரி, அங்கே ஒரு திருப்பம். பல்லி மழையைப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள், சத்தமில்லாமல் ஹேண்ட் பிரேக்கை விட்டாள். கார் மெல்ல நகர்ந்தது. என்ஜின் செத்துக் கிடக்க, இரண்டு வைப்பரும் அசையாமல் நிற்க, பெரியம்மா மகாராணி மாதிரி அப்பாவைக் கடந்து போனாள்.

"என்ன, சத்தமே காணோம்?" என்று அப்பா கத்தினார்.

அம்மா கண்ணாடியைச் சுற்றி இறக்கி, முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல், "நேத்துதாங்க சர்வீஸ் பண்ணினா. அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு மறுபடி ஏற்றினாள்.

கார் வேகம் பிடித்தது. பேக்கரி நெருங்கியது. உருளும் வேகத்திலேயே என்ஜினை எழுப்பப் பல்லி கியரில் கையை வைத்தாள்.

"மூணாவதுல போடாதே. ஈரத்துல ரெண்டாவதுதான் எடுக்கும்" என்றாள் அம்மா. "ம், இப்ப விடு கிளட்சை."

கார் ஒரு குதி குதித்தது, இருமியது, புகையைக் கக்கிக்கொண்டு உயிர் பெற்றது. திருப்பத்தைத் தாண்டி ஓரமாக நிறுத்திவிட்டுப் பல்லி அம்மாவையே பார்த்தாள். மணிக்கட்டில் ஊசி குத்தி வைக்கிற பஞ்சு உருண்டையோடு உட்கார்ந்திருந்த அதே அம்மாதான்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"உங்க தாத்தாவோட லாண்டரி வேனை யாரு ஓட்டினான்னு நெனச்சே? கல்யாணத்துக்கு முன்னாடி மூணு வருஷம் நான்தான். அது ஒரு நாள்கூட சாவிக்குக் கிளம்பினதில்லை."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

அம்மா வெளியே மழையைப் பார்த்தாள். "கல்யாணமான புதுசுல அவர் ஓட்டக் கத்துக்கப் போனார். மூணு தடவை பரீட்சை. மூணாவது தடவை, பரீட்சை வைக்க வந்தவரோட பைக் மேலயே ஏத்திட்டார். அன்னிக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடக்கூட இல்லை. அந்த நேரத்துல போய் எனக்கு ஓட்டத் தெரியும்னு சொல்ல முடியுமா? அப்புறம் சொல்லலாம், அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். இருபத்தாறு வருஷம் போச்சு."

பல்லி சிரிக்க ஆரம்பித்தாள். அம்மாவும் அடக்கிப் பார்த்து முடியாமல் சிரித்தாள். கடைத்தெரு போய்ச் சேரும்வரை இரண்டு பேரும் மாறி மாறி, "நேத்துதாங்க சர்வீஸ் பண்ணினா" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

இருபத்தைந்தாம் நாள் கூடத்தில் பிளாஸ்டர் மூட்டையைத் தூக்கும்போது பல்லியின் மணிக்கட்டு பிசகிக்கொண்டது. கார் கூடத்து வாசலில் நிற்க முடியாதென்று, கூட வேலை பார்க்கிறவன் ஒருவன் அதை ஓட்டிவந்து வீட்டில் விட்டுப் போனான். மறுநாள் காலை கையில் கட்டோடு அவள் வாசலுக்கு வந்தபோது அப்பா நோட்டை மூடிக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் வெற்றியைவிட வருத்தம்தான் தெரிந்தது.

"கையில அடிபட்டது உன் தப்பில்லை. ஆனா பேச்சு பேச்சுதான்."

"வண்டி கிளம்பணும்னுதானே பேச்சு? யாரு ஓட்டணும்னு பேசினீங்களா?"

குரல் அம்மாவுடையது. தையல் மிஷின் மேல் இருந்த பொத்தான் டப்பாவைக் கவிழ்த்து, அடியிலிருந்து ஒரு லைசென்ஸை எடுத்துக்கொண்டு வந்தாள். காலாவதியாக விடாமல் ஒவ்வொரு முறையும் புதுப்பித்து வைத்திருந்தாள். பல்லியிடமிருந்து சாவியை வாங்கினாள், சீட்டை முன்னே தள்ளினாள், புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். முன்னும் பின்னும் ஒரு முழம்கூட இடம் விடாமல் இரண்டு வேன்கள் நின்றிருந்தன. அம்மா பின்னால் ஒரு வெட்டு, முன்னால் ஒரு வெட்டு, அவ்வளவுதான். கார் வெளியே வந்து நின்றது. பல்லி ஓடிப்போய் ஏறிக்கொண்டாள்.

மணி ஏழு பன்னிரண்டு. அப்பா எழுத மறந்து நின்றார்.

சாயங்காலம் அவர் தையல் மிஷினுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அம்மா எதிர்வீட்டுக்காரியின் ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பல்லி சமையலறைக் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டி நின்றாள்.

"டிப்போவுல முப்பத்தொரு வருஷமா பார்க்கிறேன். அந்த மாதிரி வண்டியை வெளியே எடுக்கிற டிரைவர் நாலு பேர் இருந்தா அதிகம்" என்றார் அப்பா. "ஏன் சொல்லலை?"

"நீங்க அந்தப் பரீட்சைக்காரரோட பைக்குக்கு ஹேண்டில் பார் வாங்கிக் கொடுத்துட்டு வந்து உட்கார்ந்திருந்தீங்க. அப்ப எப்படிச் சொல்றது?"

அப்பாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகிறாரோ என்று பல்லி எட்டிப் பார்த்தாள். தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். "ஹேண்டில் பார் மட்டுமா? லைட்டும் வாங்கிக் கொடுத்தேன்" என்றார்.

முப்பது நாளும் முடிந்து, காரை விற்கிற பேச்சு நின்றுபோனது. ஆனால் பல்லி கணக்குப் போடாத ஒன்று நடந்தது. மணிக்கட்டு குணமாகி அவள் சாவியைக் கேட்டபோது அம்மா அதைக் கொடுக்கத் தயங்கினாள். துணி கொண்டுபோக வசதியாக இருக்கிறது என்றாள். பிறகு பேசி, புதனும் வெள்ளியும் அம்மாவுக்கு என்று முடிவாயிற்று. அது போகப் போக செவ்வாயையும் தின்றது.

இப்போது செவ்வாய், புதன், வெள்ளியில் பல்லி மறுபடியும் அச்சுகளை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிறாள். சில நாள் அவள் நின்றுகொண்டிருக்கும்போதே கடுகு நிறக் கார் அந்த வழியாகப் போகும். பக்கத்துச் சீட்டில் அப்பா வேலைக்குப் போகிற சட்டையோடு நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். அம்மா நீளமாக ஒரு ஹாரன் அடிப்பாள், அப்பா கையசைப்பார். நிறுத்துவார்கள் என்று முதல் வாரம் பல்லி இரண்டு அடி முன்னால் வைத்ததுண்டு. இப்போதெல்லாம் அவளும் பதிலுக்குக் கையசைத்துவிட்டு, பஸ் வருகிறதா என்று பார்க்கத் திரும்பிவிடுகிறாள்.