பார்ப்பம் என்றார் தலைவர்

எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர் நல்ல மனிதர்தான். ஆனால் வாயைத் திறந்து இல்லை என்று சொல்லத் தெரியாதவர். யாழ்ப்பாணத்தாரிடம் இந்தப் பழக்கம் உண்டு. சம்பந்தம் பேசி வந்தாலும் சரி, வீட்டை வாடகைக்குக் கேட்டாலும் சரி, விருப்பமில்லையென்றால் 'பார்ப்பம்' என்போம். கேட்டவரும் விளங்கிக்கொண்டு எழும்பிப் போய்விடுவார்.

கலவரத்துக்குப் பிறகு ஒக்லாந்துக்கு வந்த இளம்பிள்ளைகள் விரிப் பக்கத்துக் கிடங்குகளில் பெட்டி அடுக்கப் போனார்கள். எல்லோருக்கும் படிப்பு பாதியில் நின்றிருந்தது. பக்கத்துத் தெருவில் இருந்த ஒரு பெண்பிள்ளைக்கு நர்ஸ் ஆக வேண்டும். அதற்கு ஆங்கிலம் வேண்டும். காணும்போதெல்லாம் "வகுப்பு எப்ப அக்கா தொடங்கும்?" என்பாள். படிப்பிக்க நான் தயார், இருத்திப் படிப்பிக்கத்தான் இடமில்லை. அவள் இருந்த வீட்டில் ஹோலிலும் ஆட்கள் படுத்தார்கள்.

த்ரீ கிங்ஸ் என்கிற பகுதியில் ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் தன் தேவாலய மண்டபத்தை வியாழன் மாலைகளில் சும்மா தருவதாகச் சொன்னார். உடனே எங்கள் கூட்டத்தில் சண்டை. சிலுவைக்குக் கீழே இருத்தினால் பிள்ளைகளை மதம் மாற்றிவிடுவார்கள் என்றது சைவப் பக்கம். தேவாரம் பாடித் தொடங்கினால் வரமாட்டோம் என்றது வேதக்காரப் பக்கம், அதாவது எங்கள் கிறிஸ்தவர்கள். ஆங்கில இலக்கணத்துக்கு எந்தக் கடவுள் ஐயா வேண்டும் என்று கேட்டேன். ஒருவரும் என்னைக் கணக்கெடுக்கவில்லை. பாதிரியாரோடு தான் கதைப்பதாகத் தலைவர் கூட்டத்தை முடித்துவைத்தார். பிறகு கேட்டபோது, அது சரிவராது, பாதிரியாரிடம் சொல்லியாயிற்று என்றார். நானும் நம்பி வேறு இடம் தேடி அலைந்தேன்.

குளிர்காலம் முடிகிற நேரம் பாதிரியாரைக் கடையில் கண்டேன். உங்கள் பிள்ளைகள் எப்போது வருகிறார்கள் என்று கேட்டார். எனக்குத் தலையும் விளங்கவில்லை, காலும் விளங்கவில்லை. எங்கள் 'பார்ப்பம்' என்பதைத்தான் தலைவர் அவரிடம் ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறார். மனிதர் அதை அப்படியே நம்பி, வேறு யாருக்கும் கொடுக்காமல் வியாழக்கிழமைகளை எங்களுக்கென்றே வைத்திருந்திருக்கிறார். சில நாள் ஹீட்டரைக்கூடப் போட்டுவிட்டுக் காத்திருந்தாராம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே தலைவர் வீட்டுக்குப் போனேன்.

"முகத்துக்கு நேரை எப்பிடிப் பிள்ளை இல்லையெண்டு சொல்லுறது?" என்றார்.

மரியாதையாம்! எங்கள் பிள்ளைகள் வீட்டுக்குள்ளும் கோட்டைக் கழற்றாமல் நடுங்கிக்கொண்டிருக்க, அங்கே மண்டபம் வெறுமனே கிடந்தது. உங்கள் மரியாதையைக் கொண்டுபோய்க் குப்பையில் போடுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

அங்கிருந்து, நர்ஸ் ஆக வேண்டும் என்ற அந்தப் பிள்ளையிடம் ஓடினேன். வாசலில் குந்தியிருந்து சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். இரவு வேலைக்கு மாறிவிட்டாளாம். கண்ணைச் சுற்றிக் கறுத்து, ஆளே பாதியாகியிருந்தாள். மண்டபம் இருக்கிறது, வருகிற கிழமையே தொடங்கலாம், வியாழன் மட்டும் லீவு கேள் என்று மூச்சுவிடாமல் சொன்னேன்.

லேஸைக் கட்டி முடித்துவிட்டு நிமிர்ந்தாள். என் மனம் நோகக்கூடாது என்பதற்காகச் சிரித்தாள்.

"பார்ப்பம், அக்கா."