எங்கள் சந்தின் அகலம்

நகரமைப்பு அலுவலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. சுனாமி வந்து போன பிறகான வருஷங்கள். யாராவது வீடு கட்டவோ மாடி எடுக்கவோ மனு போட்டால், நேரில் போய் இடத்தைப் பார்த்துக் குறிப்பு எழுத வேண்டும். ஒருநாள் என் மேஜைக்கு வந்த கோப்பில் முதலியார்பேட்டை விலாசம் இருந்தது. நான் பிறந்து வளர்ந்த சந்து. மனு போட்டவர் சந்தின் கடைசி வீட்டு பாய். மார்க்கெட்டில் மசாலா சாமான் கடை வைத்திருந்தார். மகளுக்குக் கல்யாணம் கூடி வந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டோடு வந்து தங்குவதால் மாடியில் ஓர் அறை வேண்டும்.

சொந்தத் தெரு, வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று மேலதிகாரியிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அலுவலக ஜீப்பில் போய் அந்தச் சந்து முனையில் இறங்க எனக்கு ஆசையாக இருந்தது. கஞ்சி போட்ட காட்டன் புடவை ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டேன்.

நினைவு தெரிந்த நாளிலிருந்து என்னைப் பாப்பா என்று கூப்பிட்ட பாய், அன்றைக்கு வாசலில் நின்று, "வாங்க மேடம்" என்றார். கூட வந்த டிராஃப்ட்ஸ்மேன் முன்னால் எனக்கு மரியாதை குறையக் கூடாது என்று நினைத்திருப்பார். எனக்கும் அது பிடித்திருந்தது.

மனையில் ஒரு குறையும் இல்லை. அடுத்துச் சந்தை அளக்க வேண்டும். வீட்டுக்குப் போகும் வழி முழுக்க விதிப்படி அகலம் இருந்தால்தான் மாடிக்கு அனுமதி. டிராஃப்ட்ஸ்மேன் டேப்பைப் பிடித்துக்கொண்டே முனையை நோக்கி நடந்தார். பாதி தூரத்தில் நின்றுவிட்டார்.

"மேடம், இங்க இடிக்குதே. பாத்ரூமை ரோட்டு மேலயே கட்டி வச்சிருக்காங்க. யார் வீடு இது?"

எங்கள் வீடு.

சொந்த வீட்டை யாரும் நின்று பார்ப்பதில்லை. அந்தக் குளியலறையில் குளித்துவிட்டுத்தான் நான் காலேஜுக்குப் போனேன். காலேஜில் படிக்கும்போதே என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் அப்பா அவசரமாகக் கட்டியது. அதுவரை பின்னால் தென்னந்தட்டி மறைப்புதான். பின்பக்கம் இடம் போதாமல் சந்துக்குள் மூன்றடி தள்ளிக் கட்டினார். ஒரு பெண்ணின் கல்யாண விஷயம் என்று தெரு பேசாமல் இருந்துவிட்டது. அதற்குப் பிறகு வண்டி உள்ளே வர முடியாமல், பாய் கடை மூட்டைகளை முனையில் இறக்கித் தலையில் சுமந்துகொண்டு போவார். எத்தனையோ நாள் வாசலில் நின்று அதைப் பார்த்திருக்கிறேன். ஏன் சுமக்கிறார் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் என்னைப் பார்த்தார்கள். பாய் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்போது அப்பா கைலியை மடித்துக் கட்டியபடி வெளியே வந்தார்.

"என்னா சார் அளக்கறீங்க? நம்ம வீடுதான். ஆபீசர் யாருன்னு தெரியுமில்ல, எம் பொண்ணு. இதெல்லாம் எழுத மாட்டா, நீங்க போங்க" என்று சிரித்தார்.

டிராஃப்ட்ஸ்மேன் டேப்பைச் சுருட்ட ஆரம்பித்தார். பாய் என் பக்கம் வந்து தணிந்த குரலில், "பரவால்ல பாப்பா, வுடு. நான் வேற எதுனா வழி பாத்துக்கறேன்" என்றார்.

அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"எங்க வீடுதான் சார். அளங்க" என்றேன். அளந்தார். அப்பா சிரிப்பை நிறுத்திவிட்டு உள்ளே போனார். அம்மா காபி போட்டிருப்பாள் என்று தெரிந்தும், நான் வீட்டுக்குள் போகாமல் ஜீப்பில் ஏறிவிட்டேன்.

அலுவலகத்தில் விஷயத்தைச் சொன்னேன். கோப்பு வேறொருவர் கைக்குப் போனது. குளியலறையை இடிக்கச் சொல்லி அப்பாவுக்கு நோட்டீஸ் வந்தது. அன்று சாயங்காலமே லாஸ்பேட்டையில் நான் கல்யாணமாகிப் போன வீட்டு வாசலுக்கு வந்து நின்றார். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை.

"யாருக்காவ கட்டனேன் அத?"

"எனக்காகத்தாம்ப்பா."

"அப்பறம்?"

"அவருக்கும் பொண்ணு இருக்குப்பா."

"அந்த ஆளே ஒண்ணும் கேக்கல. நீ கேக்கற."

"அவரு கேக்க மாட்டாருப்பா. அதனாலதான்."

செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனார்.

மழைக்காலம் முடிந்ததும் கொத்தனாரைக் கூப்பிட்டு இடித்தார். சுவர் விழும்போது தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார் என்று அம்மா சொன்னாள். பின்னால் சின்னதாக ஒன்று கட்டி முடிக்கும்வரை அம்மா பாய் வீட்டில்தான் குளித்தாள். அவர் மனைவி வெந்நீர் வைத்துக் கொடுப்பாராம். அம்மா இதைச் சாதாரணமாகச் சொன்னாள். எனக்குக் காது சுட்டது.

கல்யாணத்துக்குப் பாய் குடும்பத்தோடு வீடு தேடி வந்து அழைத்தார். போகாமல் இருக்க எத்தனையோ காரணம் யோசித்தேன், கடைசியில் போனேன். அவர் மனைவி என் கையைப் பிடித்து மாடிக்கு இழுத்துக்கொண்டு போனார். புது அறையில் சுண்ணாம்பு வாசனை போகவில்லை.

"உன்னாலதாம்மா இது" என்றார் அந்தம்மா.

சுற்றி நின்ற உறவுக்காரப் பெண்கள் எல்லாம் என்னை நன்றியோடு பார்த்தார்கள். ஆமாம், என்னால்தான் இத்தனை வருஷம் இது இல்லாமல் இருந்தது என்று சொல்ல வாய் வரவில்லை. தலையாட்டினேன்.

ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். கீழே பந்தல் வாசலில் அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு நின்றிருந்தார். வருகிறவர்களைக் கும்பிட்டு உள்ளே அனுப்பும் வேலையைப் பாய் அவரிடம் கொடுத்திருந்தார். பிரியாணி அண்டாவோடு ஒரு வண்டி சந்துக்குள் வந்தது. அப்பா ஒதுங்கி, சுவரோடு சுவராக ஒட்டி நின்று வழிவிட்டார்.