இரண்டு கோடு ஈ, மூன்று கோடு ஈ

மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டார் அடுத்த மாதம் ஈப்போவிலிருந்து முதன்முறையாகச் சாப்பிட வருகிறார்கள் என்றதும், சுங்கை சிப்புட்டில் நான் போட்டிருக்கும் பாகற்காயைத்தான் சமைப்போம் என்று போனில் வாயை விட்டுவிட்டேன். சம்பந்தி மருந்தடித்த காயைத் தொடமாட்டார். எனக்கு அது மானப் பிரச்சினையாகிவிட்டது.

அந்த வாரமே ஈ வந்தது. அரிசி அளவுதான் இருக்கும். பிஞ்சைக் குத்தி முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். காய் மஞ்சளாகி வளையும், வெட்டினால் புழு நெளியும்.

வாசல் துளசியிலும் இதே மாதிரி ஈக்கள் மொய்ப்பதைப் பார்த்தேன். மூளை வேலை செய்தது. இலைகளைக் கசக்கித் தண்ணீர் பாட்டில்களில் போட்டுப் பந்தலில் தொங்கவிட்டேன்.

“சாமிக்கு வைக்கிற துளசிய ஈக்கு வச்சிட்டு நிக்கிறீங்களே,” என்றாள் மனைவி.

சில நாளில் பாட்டில்களில் ஈக்கள் செத்து மிதந்தன. தெருவில் போனவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். ஆனால் காய் மட்டும் அழுகிக்கொண்டே இருந்தது.

எரிச்சலில் பூதக்கண்ணாடியோடு பந்தலடியில் உட்கார்ந்தேன். பாட்டிலில் கிடந்தவற்றுக்குக் கறுப்பு முதுகில் இரண்டு மஞ்சள் கோடு. காயில் உட்கார்ந்திருந்ததற்குச் செம்முதுகில் மூன்று கோடு, இறக்கை நுனியில் கறை வேறு. போனில் தேடினேன். இரண்டு கோடு கொய்யாவையும் மாங்காயையும் கெடுப்பதாம். துளசி வாசத்துக்கு அதில் ஆண்கள்தான் மயங்கி வருவார்களாம். மூன்று கோட்டுக்காரி துளசிப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டாள். இத்தனை நாளும் என் பந்தலுக்குச் சம்பந்தமே இல்லாத ஆம்பிளைகளை வரவழைத்துக் கொன்றிருக்கிறேன்.

சம்பந்தி வந்தார். உட்கார்ந்ததுமே இலையைப் பார்த்தார்.

“பாவக்கா எங்க சம்பந்தி?”

“புழு தின்னுருச்சு,” என்றேன். அவமானமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு அக்கா ஒரு பை நிறையத் தன் மரத்துக் கொய்யாவோடு நுழைந்தார்.

“வருசா வருசம் பூச்சிதாண்ணே. இந்த வாட்டி ஒன்னுலகூட புழு இல்லலா. மருந்தே அடிக்கல. கும்பிட்ட சாமி கைவிடல.”

மனைவி என்னைப் பார்த்தாள். நான் ரசத்தைப் பார்த்தேன்.

சம்பந்தி ஒன்றைக் கடித்தார், இன்னொன்றை எடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பி அன்பாகச் சொன்னார்:

“இந்தக்கா எப்படி வளக்குறாங்கன்னு கேட்டுக் கத்துக்குங்க சம்பந்தி.”